வீட்டுக்குள் நடந்த கொலையை விபத்து போலக் காட்டினால் தடயவியல் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதற்கு கேரளாவின் கொல்லம் மாவட்டம் அஞ்சலில் 2020 மே மாதம் நடந்ததைச் சொன்னாலே போதும். தாய்வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த இளம்பெண் நல்லபாம்பு கடித்து இறந்துபோனார். சில வாரங்களுக்கு முன்புதான் கணவர் வீட்டில் அவரை விரியன் கடித்து, சிகிச்சை பெற்றுத் தேறிவந்திருந்தார். ஒரே பெண்ணுக்கு அடுத்தடுத்து இரண்டு பாம்புக் கடியா என்று பெற்றோருக்குச் சந்தேகம் வந்தது.

உண்மையை உடைத்தது கையில் இருந்த பல்தடங்கள். நல்லபாம்பு தானாகக் கடித்தால் இரண்டு தடங்களுக்கும் நடுவே சுமார் 1.7 செ.மீ. இடைவெளிதான் இருக்கும். இவர் கையில் இருந்த இரண்டு கடிகளிலோ 2.3, 2.8 செ.மீ. இருந்தது. சரி, ஏன் இந்த வித்தியாசம்? பொம்மையின் கையில் கோழிக்கறியைக் கட்டி, உயிருள்ள நல்லபாம்பை வைத்தே சோதித்தார்கள். தலையைப் பிடித்து அழுத்திக் கடிக்க வைத்தபோதுதான் இடைவெளி அப்படி அகன்றது. இவ்வளவு பொறுமையான புலனாய்வு நம் நாட்டில் அபூர்வம், மனமாரப் பாராட்ட வேண்டும்.

அப்புறம், அவரைக் கடித்த பிறகு கொன்று புதைத்த பாம்பையும் தோண்டியெடுத்து உடற்கூறாய்வு செய்தார்கள். பெண்ணின் உள்ளுறுப்புகளில் தூக்கம் வரவழைக்கும் மருந்து இருந்தது. கடிபட்டும் அவர் ஏன் அலறி எழவில்லை என்பது அதில் விளங்கியது. பாம்பைக் கடிக்க வைத்துக் கொன்றது கணவர்தான் என்று நிரூபணமாகி, 2021 அக்டோபரில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கிடைத்தது.