தமிழ்ப்பட உரிமையில் 20,000 வெள்ளி போடலாமா?

கேள்வி: தமிழ்ப்படம் ஒன்றின் சிங்கப்பூர்த் திரையரங்கு உரிமையை நண்பர் 60,000 வெள்ளி மினிமம் கேரண்டிக்கு வாங்குகிறார், அதில் என்னை 20,000 வெள்ளி போடச் சொல்கிறார். திரையரங்குகள் மூடப்பட்டுவரும் இந்நேரத்தில் இது சரியா? - ஈசூன் வாசகர்

பதில்: இந்த நிபந்தனையில் வேண்டாம் என்பதே என் கருத்து. மினிமம் கேரண்டி என்பது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளருக்குத் திரும்பக் கேட்க முடியாதபடி கொடுத்துவிடும் தொகை. கூட்டம் குறைவதன் முழுச் சுமையும் வாங்கியவர் தலையில்தான் விழும்.

கணக்கைப் பாருங்கள். நுழைவுச்சீட்டு 16 வெள்ளி என்று கொண்டால், 9 விழுக்காடு பொருள், சேவை வரி போக 14.68 வெள்ளி நிற்கும். அதில் பாதி திரையரங்குக்குப் போனால் உங்கள் தரப்புக்கு 7.34 வெள்ளி. விளம்பரத்துக்கு 12,000 வெள்ளி சேர்த்தால், போட்ட பணத்தை எடுக்கவே ஏறத்தாழ 9,800 சீட்டுகள் விற்க வேண்டும். அதாவது 150 இருக்கை அரங்கில் 65 காட்சிகள் முழுதாக நிரம்ப வேண்டும். நான்கு வாரங்களில் ஓடிடியில் வந்துவிடும் என்று குடும்பங்கள் காத்திருக்கப் பழகிவிட்டதால், வசூலின் பெரும்பகுதி முதல் வாரயிறுதியிலேயே முடிந்துவிடுகிறது. கடைத்தொகுதி வாடகை, ஊதியம், மின்கட்டணம் எல்லாம் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் திரையரங்குக்கு ஒன்றுதான். தின்பண்ட விற்பனையில்தான் அதற்கு நல்ல லாபம் என்பதால், கூட்டம் மெலிந்த படத்தின் மாலைக் காட்சிகளை உடனே வேறு படத்துக்குக் கொடுத்துவிடும். அதைக் குறைசொல்ல முடியாது.

பலர் கவனிக்காத ஆபத்து வேறொன்று உண்டு. சீட்டு விற்ற பணம் முதலில் திரையரங்கிடமே சேர்கிறது. உரிமையை வாங்கிய விநியோகஸ்தரின், அதாவது உங்கள் தரப்பின், பங்கு பின்னரே வருகிறது. கேத்தே சினிபிளெக்ஸ் திரையரங்கு நிறுவனம் 2025 செப்டம்பரில் கலைப்பு நடவடிக்கைக்குள் போனது போல இடையில் ஒரு நிறுவனம் விழுந்தால், படம் நன்றாக ஓடியிருந்தாலும் நீங்கள் பிணையில்லாக் கடன்கொடுத்தவர்களின் (ஈடாக எந்தச் சொத்தும் பெறாதவர்களின்) வரிசையில்தான் நிற்பீர்கள்.

ஆகவே, முன்தொகையைக் குறைத்து வசூலில் பங்கு என்ற முறைக்குத் தயாரிப்பாளர் இசைகிறாரா என்று நண்பரைக் கேட்கச் சொல்லுங்கள். இசைந்தாலும், உறுதியான காட்சிகளின் எண்ணிக்கை, ஓடிடி தேதி, திரையரங்கு பணம் தரவேண்டிய கெடு, வரும் பணத்தில் நண்பரின் தரகுக்கு முன் நீங்கள் போட்ட பணம் திரும்புமா என்பது ஆகிய நான்கையும் எழுத்தில் பெறாமல் கையெழுத்திடாதீர்கள்.