புது ஃபோக்ஸ்வேகனா, பழசா? ராமநாதபுரம் கடற்கரையில் இருப்பவர் எதை எடுக்கலாம்?

கேள்வி கேட்டவருக்குக் கீழக்கரையில் வீடு. 12 லட்சம் வரை செலவு செய்யலாம், வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். புதிதாக டைகூன் அல்லது விர்டஸ் எடுப்பதா, இல்லை 5 லட்சம் சுற்றி நல்ல பழைய போலோ, வென்டோ பார்ப்பதா என்று கேட்டிருக்கிறார்.

மேனுவல் கியர் போதும் என்றால் பழசு எடுங்கள். ஆனால் அது கடலோரத்தில் நின்ற வண்டியாக இருக்கக் கூடாது. ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் புதுசு, அல்லது வாரண்டி பாக்கி இருக்கும் வண்டி.

நான் மண்டபத்துக்காரன். சொந்தபந்தத்தில் யார் பழைய வண்டி பார்க்கப் போனாலும் என்னையும் கூட்டிப் போவார்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் எதற்கும் சம்மதம் சொல்ல மாட்டேன்.

மற்ற ஊர்களில் என்ன மாடல், எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பார்கள். நாம் முதலில் கேட்க வேண்டியது, வண்டி ராத்திரி எங்கே நின்றது என்பது. இரும்பு எப்படி அரிக்கிறது என்று சோதிக்க காரைக்குடியில் உள்ள சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் தேர்ந்தெடுத்த இடம் எங்கள் மண்டபம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பெயின்டும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் போட வேண்டியிருந்தது. அதே காற்றில்தான் நம் கார்களும் ராத்திரி முழுக்க நிற்கின்றன.

போலோ, வென்டோ பாடித் தகடு துத்தநாகம் பூசியது. அதனால் கதவு, பானட், கூரையெல்லாம் பல வருஷம் கெடாமல் நிற்கும். வாங்குகிறவர் ஏமாறுவதும் இதனால்தான். சப்ஃப்ரேம் (இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் அடிச்சட்டம்), சைலன்சர் குழாய், பிரேக் பைப்பைப் பிடிக்கும் கிளிப், சஸ்பென்ஷன் போல்ட் எதற்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. மேலே பளபளப்பு, கீழே பொரிந்துபோன இரும்பு என்று எத்தனையோ வண்டி பார்த்தாயிற்று.

என் மச்சானுக்காக இரண்டு வென்டோ பார்த்தோம். ஒன்று பாம்பனில் கடலைப் பார்த்த வீட்டு வாசலில் நின்ற 2017 மாடல். மற்றது கோயம்புத்தூரில் ஓடிய 2014 மாடல், ஓட்டமும் கூட. பாம்பன் வண்டியை லிஃப்டில் ஏற்றி, முன் சப்ஃப்ரேமில் ஸ்க்ரூ டிரைவர் நுனியை வைத்து இழுத்ததும் துரு ஏடு ஏடாக உரிந்து கையில் விழுந்தது. சைலன்சர் இணைப்பில் போல்ட் தலைகள் முனை மழுங்கி உருண்டையாகியிருந்தன. எந்த ஸ்பேனரும் பிடிக்காது. ஏசி கண்டென்சரின் அலுமினிய மடிப்பு விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. எர்த் ஒயர் முனை பச்சை பூத்திருந்தது. கோயம்புத்தூர் வண்டிக்கு அடியில் சேறு காய்ந்து கிடந்தது. தட்டிவிட்டுப் பார்த்தால் கம்பெனியில் அடித்த கறுப்புப் பூச்சு அப்படியே இருந்தது. மூன்று வருஷம் கூடுதல் பழசான அதைத்தான் எடுக்கச் சொன்னேன். மச்சான் இன்றும் அதைத்தான் ஓட்டுகிறார்.

நம்பர் பிளேட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். டிஎன் 65 என்று ராமநாதபுரம் நம்பர் இருந்தாலும் வண்டி மதுரையிலேயே ஓடியிருக்கலாம். கோயம்புத்தூர் நம்பர் போட்ட வண்டி கல்யாணமாகி வந்த மகளோடு தொண்டியில் நின்றிருக்கலாம். சர்வீஸ் பில்களை வரிசையாக வாங்கிப் பாருங்கள். எந்த ஊரில் சர்வீஸ் விட்டார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியில் இருக்கும் முகவரியையும் பாருங்கள்.

அடுத்தது மழைத் தண்ணீர். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் கொஞ்சநஞ்சமில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை நாமே பார்த்தோம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். தண்ணீர் நின்ற கோடு அங்கே தெரியும், யாரும் அதைக் கழுவுவதில்லை. ஸ்டெப்னியைத் தூக்கி, அந்தக் குழியில் துருவோ மணலோ இருக்கிறதா என்று பாருங்கள். கார்ப்பெட்டுக்குக் கீழே கையை விட்டு அமுக்கினால் ஈரம் தெரியும். சந்தேகம் வந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். விலை எவ்வளவு குறைத்தாலும் சரி, தண்ணீர் குடித்த ஒயரிங் ஒவ்வொன்றாகக் கழுத்தை அறுக்கும்.

டீசல் உங்களுக்குத் தேவையில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோதே இங்கே ஃபோக்ஸ்வேகன் டீசலை நிறுத்திவிட்டது, இருப்பதெல்லாம் பழசு. ஆசைப்பட்டு எடுப்பவர்கள் டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். 2015-க்கு முந்தைய டீசல் என்றால், புகை அளவு மோசடி விவகாரத்துக்குப் பிறகு இந்தியாவில் 3.23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்களே, அந்தச் சாஃப்ட்வேர் வேலை முடிந்ததா என்று சேஸிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் விசாரியுங்கள்.

போலோவில் இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு காரை மோதவிட்டுப் பார்த்த பாதுகாப்புச் சோதனையில் ஏர்பேக் இல்லாத போலோ ஒரு ஸ்டார்கூட வாங்கவில்லை. இரண்டு ஏர்பேக் போட்ட போலோ 4 ஸ்டார் வாங்கியது. அதன் பிறகுதான் எல்லா மாடலிலும் இரண்டு ஏர்பேக் வந்தது. ராத்திரி ஈசிஆரில் சாயல்குடி பக்கம் ஆடும் மாடும் குறுக்கே வரும் ரோட்டில் குடும்பத்தோடு போகிறீர்கள். ஏர்பேக் இல்லாத பழைய பேஸ் மாடல் சல்லிசாகக் கிடைத்தாலும் வேண்டாம். இந்த விஷயத்தில் புது வண்டிகள் ஒரு படி மேல். டைகூன், விர்டஸ் இரண்டுமே 5 ஸ்டார்.

ஆட்டோமேட்டிக் பழசு வேண்டாம் என்பதற்குக் காரணம் டிஎஸ்ஜி, அதாவது இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்றவற்றில் இருக்கும் 7 கியர் டிஎஸ்ஜி, உலர் கிளட்ச் வகை. ஓட்ட அருமையாக இருக்கும். ஆனால் கியரை மாற்றும் அதன் மெக்கட்ரானிக் யூனிட் போனால் செலவு லட்சத்தைத் தாண்டும், உள்ளூர் மெக்கானிக் கை வைக்க மாட்டார். ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் டோ செய்ய வேண்டும். டைகூன், விர்டஸிலும் 1.5 இன்ஜினுக்கு டிஎஸ்ஜிதான். 1.0 இன்ஜினுக்கு வருவது டார்க் கன்வர்ட்டர், அதாவது கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இன்ஜின் விசையைக் கடத்தும் ஆட்டோமேட்டிக். நம் ஊருக்கு எனக்கு நிம்மதி தருவது இதுதான்.

இனி பணக் கணக்கு. 12 லட்சத்தை வைத்துக்கொண்டு ஷோரூம் விலையைப் பார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள புதுக் காருக்கு ஆயுட்கால வரி 18 சதவீதம். 11 லட்சம் வண்டி என்றால் வரி மட்டுமே 1.98 லட்சம், இன்ஷூரன்ஸும் சேர்ந்தால் 13-ஐத் தாண்டிவிடும். தமிழ்நாட்டுக்குள் பழசு வாங்கினால் இந்த வரி ஏற்கெனவே கட்டியது. பெங்களூரு, புதுச்சேரி வண்டி என்றால் அந்த ஊர் ஆர்டிஓவில் என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே வயதுக்கேற்ற வரியை மறுபடி கட்ட வேண்டும். விலை குறைவு என்று ஓடுபவர்கள் இதைக் கூட்டிப் பார்ப்பதில்லை. லோன் ஓடிய வண்டி என்றால் ஃபைனான்ஸ் கேன்சல் ஆகி ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆகவே உங்கள் பட்ஜெட்டில், மேனுவல் என்றால் உள்மாவட்டங்களில் ஓடிய 2018, 2019 போலோ அல்லது வென்டோ பெட்ரோல். ஆட்டோமேட்டிக் என்றால் 4 வருஷ, 1 லட்சம் கிலோமீட்டர் வாரண்டியில் மிச்சம் இருக்கும் டைகூன் அல்லது விர்டஸ் 1.0, மதுரையிலோ கோயம்புத்தூரிலோ பாருங்கள். வாரண்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எதை எடுத்தாலும் ஊருக்குக் கொண்டுவரும் முன்பே மதுரையில் அடிப்பாகத்துக்கு ஆன்டி ரஸ்ட் கோட்டிங் அடித்துவிடுங்கள். துரு பிடித்த பிறகு அடித்தால் துரு உள்ளேயே வளரும். வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் வண்டியைக் கழுவவே வேண்டாம், வாட்டர் வாஷ் கடையிலும் என்ன தண்ணீர் என்று கேளுங்கள். தனுஷ்கோடி போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். திறந்த இடத்தில் கவர் போட்டு மூடி வைக்காதீர்கள். கவருக்குள் உப்பும் ஈரமும் தங்கும், கச்சான் காற்றில் கவர் அடித்து அடித்து மணல் பெயின்டைத் தேய்க்கும். காற்றோட்டமான கூரைக்கு அடியில் நிறுத்துங்கள், முன்பக்கம் கடலைப் பார்க்காமல்.