திரையில்லா பிளேயர்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

திரை இல்லாத குட்டி எம்பி3 பிளேயர்களோடு பல வருடம் குப்பை கொட்டியவன் நான். வாங்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு?

எல்லோருக்கும் தேவைப்படாது. ஓடும்போதும் வேலை செய்யும்போதும் பாட்டு கேட்பவர்களுக்குத்தான் இது. பாட்டை மாற்றக் கைப்பேசியை எடுத்துவிட்டு அரைமணி நேரம் வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கும் வியாதி எனக்கும் உண்டு.

பழைய ஐபாட் ஷஃபிள் கிடைக்கிறது. வாங்கலாமா?

ஆப்பிள் நிறுவனத்தின் திரையில்லா பிளேயர் அது, 2005இல் வந்து 2017இல் நிறுத்தப்பட்டது. பேட்டரி மாற்றியதா என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். 2009இல் வந்ததைத் தொடவே வேண்டாம். பாட்டை மாற்றும் பட்டன்கள் பிளேயரில் இல்லை, இயர்போன் ஒயரில் இருக்கின்றன. ஒயர் போனால் கதை முடிந்தது. 2010 மாடலில் பட்டன்கள் திரும்பி வந்தன. ஒரு பட்டனை அழுத்தினால் பாட்டின் பெயரையும் வாயால் சொல்லும். 2 ஜிபி, எடை 12.5 கிராம். ஆனால் சார்ஜ் ஏறுவது இயர்போன் துளை வழியாக, அதற்கென்றே உள்ள ஒயரில். அது கூடவே வருகிறதா பாருங்கள். பாட்டு ஏற்ற ஐடியூன்ஸ் போன்ற மென்பொருளும் வேண்டும். சும்மா காப்பி செய்து போட்டால் பாடாது.

புதிதாக வாங்கினால் முதலில் எதைப் பார்ப்பது?

பட்டனை. ஒலித்தரம் அப்புறம். பிளேயரைப் பைக்குள் போட்டு, பார்க்காமல் விரலால் தடவி நிறுத்த முடிகிறதா, அடுத்த பாட்டுக்குப் போக முடிகிறதா என்று பாருங்கள். சிலவற்றில் ஒலியைக் கூட்டுவதும் பாட்டைத் தாண்டுவதும் ஒரே பட்டன்தான்: லேசாகத் தட்டினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் இன்னொன்று. ஓடும்போது இது பெரிய எரிச்சல். அடுத்து, ஒரு போல்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வழி இருக்கிறதா? அணைத்துப் போட்டால் விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறதா? இந்த இரண்டும் இல்லாத பிளேயரை நான் இனாமாகக்கூட வாங்க மாட்டேன்.

எத்தனை ஜிபி போதும்?

128 கேபிபிஎஸ் (ஒரு நொடிப் பாட்டுக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) எம்பி3 என்றால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1 எம்பி. நாலு நிமிடப் பாட்டாகக் கணக்குப் போட்டால் 2 ஜிபியில் 500 பாட்டு. திரை இல்லாமல் 500க்குள் ஒன்றைத் தேடுவதே பெரும்பாடு. 5000 இருந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

பாட்டுகளுக்கு 01, 02 என்று பெயர் வைத்தும் வரிசை மாறிப் பாடுகிறதே?

பழுதில்லை. மலிவான பிளேயர்கள் பல, பெயரைப் பார்ப்பதே இல்லை, எது முதலில் காப்பி ஆனதோ அதை முதலில் பாடும். போல்டரைக் காலி செய்துவிட்டு ஒவ்வொன்றாக வரிசைப்படி காப்பி செய்யுங்கள். சலிப்பான வேலைதான்.

64 ஜிபி மெமரி கார்டு போட்டால் ஊமையாக இருக்கிறது.

அந்த அளவு கார்டுகள் எக்ஸ்ஃபேட் வடிவில் (கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு முறை) வரும். உங்கள் பிளேயருக்கு ஃபேட்32 என்ற பழைய முறை மட்டும்தான் தெரியும் போல. 32 ஜிபி கார்டு போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

சந்தா கட்டிக் கேட்கும் ஆப்பில் டவுன்லோட் செய்த பாட்டுகளை இதில் ஏற்றலாமா?

முடியாது. அவை பூட்டுப் போட்டவை, அந்த ஆப்புக்குள் மட்டுமே பாடும்.

நீச்சலுக்கு?

புளூடூத் அலை தண்ணீருக்குள் சில அங்குலத்துக்கு மேல் போகாது. அதனால் பாட்டு காதில் மாட்டும் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். சோனி டபிள்யூஎஸ்413, ஷாக்ஸ் ஓபன்ஸ்விம் போல 4 ஜிபி உள்ளேயே வைத்திருப்பவை இதற்கானவை.

அப்பாவுக்குப் பார்வை மங்கல். ஒலிப்புத்தகம் கேட்க வாங்க வேண்டும்.

மேலே சொன்ன ‘விட்ட இடம்’ இவருக்குத்தான் மிக முக்கியம். பத்து மணி நேரப் புத்தகம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினால் இரண்டே நாளில் தூக்கிப் போட்டுவிடுவார். புடைத்த பட்டன்கள் உள்ளதாக வாங்குங்கள். நிறுத்தும் பட்டன் மேல் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்துக் காயவிடுங்கள், விரலுக்குத் தட்டுப்படும்.