‘மிகாடோ’ உண்மையில் ஜப்பானைப் பற்றிய நாடகமா?

உடையில்தான் ஜப்பான், கேலி முழுக்க இங்கிலாந்தின் மீது. கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த இந்த நகைச்சுவை இசை நாடகம் 1885 மார்ச் 14 அன்று லண்டன் சவாய் அரங்கில் மேடையேறி, 672 முறை நடந்தது. அதில் பூ-பா என்றொரு பாத்திரம். ஊரின் பெரிய பதவிகள் எல்லாம் அவரிடமே. ஒரு கல்யாணச் செலவுக்கு யோசனை கேட்டால், அந்தரங்கச் செயலாளராக “தாராளமாகச் செலவழியுங்கள்” என்பார். நிதியமைச்சராக “சிக்கனம்” என்பார். லஞ்சமும் வாங்குவார். இதில் ஜப்பான் எங்கே இருக்கிறது?

சரி, அசல் எதுவுமே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. அதே ஆண்டு ஜனவரியில் லண்டனின் நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியில் ஒரு ஜப்பானியக் கண்காட்சிக் கிராமம் திறந்தது. அங்கிருந்து வந்தவர்கள்தான் நடிகைகளுக்கு நடையையும் விசிறி பிடிப்பதையும் சொல்லிக்கொடுத்தார்கள். நாடகத்தில் ஜப்பான் மன்னரான மிகாடோ வரும்போது ஒலிக்கும் ‘மியா சாமா’வும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மெய்ஜி காலத்து ஜப்பானியப் பாட்டுதான். ஆனால் பாத்திரங்களுக்கு வைத்த யம்-யம், நங்கி-பூ எல்லாம் ஜப்பானியப் பெயர்களே அல்ல, குழந்தையிடம் பேசும் ஆங்கில மழலை.

அப்புறம், 1907இல் ஜப்பானிய இளவரசர் ஃபுஷிமி லண்டன் வந்தபோது, விருந்தாளி மனம் புண்படுமோ என்று பிரிட்டிஷ் அரசே நாடகத்தைச் சில வாரம் தடைசெய்தது.