ஒன்றரை ஏக்கருக்குத் தென்னங்கன்று 105-ஆ, 91-ஆ?

கேள்வி: எங்கள் தோட்டம் ஒன்றரை ஏக்கர். நீளம் 330 அடி, அகலம் 198 அடி. 25 அடிக்கு 25 அடி தென்னை வைக்கப் போகிறேன். நாற்றுப்பண்ணையில் 105 கன்று வேண்டும் என்கிறார்கள். பத்தாவது படிக்கும் மகன் தாளில் போட்டுப் பார்த்து 91தான் என்கிறான். யார் கணக்கு சரி?

பதில்: ஐயா, இரண்டு கணக்கிலும் தப்பில்லை. பண்ணைக்காரர் 65,340 சதுர அடியை 625ஆல் வகுத்து 104.5 என்று பார்த்திருக்கிறார். தம்பி வரிசையை எண்ணியிருக்கிறார்: வரிசைக்கு 13 மரம், ஏழு வரிசை. குழி எடுக்கும்போது தம்பி கணக்குதான் நிற்கும்.

அகலத்தைப் பாருங்கள். இரண்டு வரப்பிலிருந்தும் பன்னிரண்டரை அடி விட்டால் மிச்சம் 173 அடி. அதில் 'ம' மரம் என்றால் இடைவெளி 'ம − 1'. நாலு கம்பு நட்டால் நடுவில் மூன்று சந்துதானே. 25 × (ம − 1) = 173. ம = 7.92. எட்டாவது வரிசைக்கு இரண்டே அடி குறைச்சல்! அதற்காக ஏழோடு நிறுத்தினால் 13 மரம் போய்விடும். எனக்கு மனசு கேட்கவில்லை.

அதனால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வரிசை எட்டு என்று வைத்துக்கொண்டு இடைவெளியைத் தேடுங்கள். 173 ÷ 7, அதாவது 24 அடி எட்டரை அங்குலம். நீளவாக்கில் 13 மரத்துக்கு 305 ÷ 12, அதாவது 25 அடி 5 அங்குலம். மொத்தம் 104 கன்று. மரத்துக்கு 628 சதுர அடி விழுகிறது, 625க்குக் குறையவில்லை. இந்தத் துணிச்சலில் 20 அடிக்கு இறங்கிவிடாதீர்கள். மட்டைகள் கோத்துக்கொள்ளும், மரம் வெளிச்சம் தேடிச் சாயும், காய்ப்பு விழும். ஒரு வரிசை மரம் அடுத்த வரிசையின் இரண்டு மரங்களுக்கு நடுவே வருகிற முக்கோண நடவில் 113 வரை ஏற்றலாம். முதல்முறை வைப்பவருக்குச் சதுரமே சுலபம்.

முளை அடிக்க நைலான் கயிறு வேண்டாம், இழுக்க இழுக்க நீளும். முந்தின குழியிலிருந்து அளக்காமல், ஒவ்வொரு குழிக்கும் முதல் முளையிலிருந்தே டேப் பிடியுங்கள். மூலையில் ஒரு பக்கம் 30 அடி, மறுபக்கம் 40 அடி குறித்தால் குறுக்கே சரியாக 50 வர வேண்டும்.

குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. இரண்டடி உயரத்துக்கு மக்கிய தொழுவுரம், செம்மண், மணல் சமபங்காக நிரப்ப குழிக்கு 18 கன அடி ஆகும். 104 குழிக்கும் சேர்த்து, மூன்றிலும் தலா ஆறேகால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) சொல்லிவையுங்கள். கன்று 110 வாங்குங்கள். பட்டுப்போன இடத்தில் அதே வயசுக் கன்றை வைக்கலாம். டேப்பின் மறுமுனையைத் தம்பி பிடிக்கட்டும்.