கல்லூரி விண்ட் டனலில் எடுக்கும் அளவுகள் நிஜ விமானத்துக்குப் பொருந்துமா?

நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் காற்று வராத விண்ட் டனல் (மாடலை நிறுத்திவைத்து அதன்மேல் காற்றை ஓட்டி அளக்கும் குழாய்), முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 10 செ.மீ. உள்ள இறக்கை மாடல், இதில் வரும் முடிவை செஸ்னா 172 மாதிரி நான்கு பேர் உட்காரும் சின்ன விமானத்துக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இறக்கையைக் காற்றுக்கு எதிரே சின்னக் கோணங்களில் சாய்க்கும்போது வரும் தூக்குவிசையை ஓரளவு நம்பலாம். இழுவையையும், எந்தக் கோணத்தில் ஸ்டால் ஆகிறது (காற்று பிரிந்து தூக்குவிசை விழுகிறது) என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காரணம் ரெனால்ட்ஸ் எண்: காற்றின் வேகம், அடர்த்தி, இறக்கையின் முன்-பின் நீளம் மூன்றையும் பெருக்கி, காற்றின் பிசுபிசுப்பால் வகுத்தால் வருவது. உங்கள் மாடலுக்கு அது சுமார் 1.3 லட்சம். முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை ஒன்றரை மீட்டர் உள்ள இறக்கையோடு நொடிக்கு 60 மீட்டர் பறக்கும் விமானத்துக்கு 60 லட்சம். சரி, காற்றைக் கூட்டி ஈடுகட்டலாமே என்றால் நொடிக்கு 900 மீட்டர் வேண்டும், அது ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும், அங்கே காற்றின் குணமே வேறு.

இந்த எண் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. கோபுரம் கட்டிய அதே ஐஃபல், வயதான காலத்தில் பாரிஸில் விண்ட் டனல் வைத்து ஆராய்ச்சி செய்தார் (கோபுரத்தைவிட இதுதான் அவருடைய பெரிய வேலை என்பேன்). அவர் அளந்த கோளத்தின் இழுவைக் குணகம் (அளவும் வேகமும் வேறானாலும் இழுவையை ஒப்பிட உதவும் எண்), ஜெர்மனியின் கோட்டிங்கனில் கிடைத்ததில் பாதிகூட இல்லை. இரண்டு பக்கமும் தேர்ந்த ஆட்கள், யாரோ ஒருவர் கணக்கில் கோட்டைவிட்டிருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டு அளவும் சரி, ரெனால்ட்ஸ் எண்தான் வேறு. கோளத்தை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலம் அமைதியாக இருந்தால் சீக்கிரமே பிரிந்து பின்னால் பெரிய சுழல் பகுதியை விட்டுப் போகும். எண் கூடி அதே படலம் கொந்தளிப்பாக மாறிவிட்டால் இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டே போகும், அதனால் இழுவை குறையும். கோட்டிங்கன் விஞ்ஞானி பிராண்டல் 1914இல் கோளத்தின் முன்பாதியில் ஒரு மெல்லிய கம்பி வளையத்தைச் சுற்றி, படலத்தை வேண்டுமென்றே கலைத்து, இழுவை சட்டென்று இறங்குவதைக் காட்டினார். கால்ஃப் பந்தில் குழிகள் இருப்பதும் இதற்காகத்தான்.

உங்கள் மாடலிலும் இதே கதை நடக்கும். 1.3 லட்சத்தில் படலம் இறக்கையின் மேல்பக்கம் பிரிந்து, கொந்தளித்து, திரும்பவும் வந்து ஒட்டும். நடுவில் ஒரு குமிழி மாதிரி நிற்கும் அந்தப் பகுதி பெரிய விமானத்தில் பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. முன்விளிம்பை ஒட்டிக் கொஞ்சம் தள்ளி ஒரு ஜிக்ஜாக் டேப்பையோ உப்புத்தாள் துகளையோ ஒட்டிப் பாருங்கள், குமிழி அடங்கும். ஆனாலும் அது 60 லட்சம் ஆகிவிடாது. அமெரிக்காவின் லாங்லி விமான ஆய்வுக்கூடத்தில் 1920களில் மேக்ஸ் மங்க் என்ற விஞ்ஞானி, அடர்த்தியைக் கூட்டி இந்த எண்ணை உயர்த்துவதற்காகவே டனல் முழுவதையும் இரும்புத் தொட்டிக்குள் அடைத்து 20 மடங்கு அழுத்தத்தில் காற்றை ஓட்டினார். கல்லூரியில் அதெல்லாம் நடக்காது.

அப்புறம், டனலுக்குள் வரும் காற்றே கொந்தளிப்பாக இருந்தால் மேலே சொன்னது எல்லாம் குழம்பும். நுழைவாயிலில் காற்றை நேராக்கும் தேன்கூடு மாதிரித் தடுப்பும் வலையும் சுத்தமாக இருக்கிறதா பாருங்கள், தூசி அடைத்த வலை நிறைய வேலை கெடுக்கும்.

என்னைக் கேட்டால் ப்ராஜெக்டின் தலைப்பையே மாற்றிவிடுங்கள். செஸ்னாவை விட்டுவிட்டு, முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை அதே 10 செ.மீ. உள்ள இறக்கையோடு பறக்கும் சின்ன ட்ரோனை எடுத்துக்கொண்டால் உங்கள் டனலில் இருப்பது மாடலே இல்லை, நிஜ அளவு, நிஜ வேகம். 10, 15, 20 மீட்டரில் தனித்தனியாக ஓட்டி இழுவைக் குணகம் எப்படி மாறுகிறது என்று வரைபடம் போடுங்கள், வைவாவில் பேச அதுவே போதும்.