ஊருக்குள் பேசுவது

அன்புள்ள ஐயா,

வணக்கம். கருத்துச் சுதந்திரம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். அதெல்லாம் எழுத்தாளர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் உரிய விஷயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. எங்கள் ஊரில் சுதந்திர தினக் கிராம சபையில் எழுந்து, எங்கள் தெருவுக்குப் போட்ட பேவர் பிளாக் ரோடு ஏன் பாதியில் நிற்கிறது, அதற்கு எவ்வளவு பில் போட்டார்கள் என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. யாரும் திட்டவும் இல்லை. அன்று சாயங்காலம் முன்னாள் தலைவரின் ஆட்கள் அப்பாவின் டீக்கடைக்கு வந்து, "தம்பிக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கண்ணா, கடை புறம்போக்குல இருக்குதுன்னு நாங்க யாராச்சும் பேசறமா?" என்று கேட்டுவிட்டு, குடித்த டீக்குக் காசும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு நூறு நாள் வேலை போய்விடும், பாட்டிக்குப் பென்ஷன் நின்றுவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். ஊர் வாட்ஸப் குழுவில் எழுதினால் கேஸ் போடுவார்கள் என்கிறார்கள் நண்பர்கள். நான் கோழையா? எங்களைப் போன்றவர்களுக்கு இந்த உரிமை எந்த அளவுக்குப் பயன்படும்?

ச.
(பெயரும் ஊரும் நீக்கப்பட்டுள்ளன)

அன்புள்ள ச.,

நீங்கள் கோழை இல்லை. அப்பாவின் பிழைப்பு நடக்கும் இடத்தில் வந்து சொல்லப்பட்ட செய்தியைச் சரியாகப் புரிந்துகொண்டீர்கள், அவ்வளவுதான்.

ஊர் அரசியலில் வாயடைப்பு இப்படித்தான் நடக்கிறது. யாரைக் கேள்வி கேட்கிறோமோ அவரிடமே நாளைக்கு ஒரு ரசீதுக்கோ குழாய் இணைப்புக்கோ போய் நிற்க வேண்டும். அதனால் அவர் எதையும் தடைசெய்ய வேண்டியதில்லை, நினைவுபடுத்தினால் போதும். மீதியை வீட்டாரே செய்து முடிப்பார்கள். இதிலிருந்து வெளியே வர முதல் வேலை, உங்கள் வீட்டின் பயங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது உண்மையில் யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பது.

பாட்டியின் முதியோர் ஓய்வூதியம் வருவாய்த் துறையின் வேலை. அதை அனுமதிப்பதும் நிறுத்துவதும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். ரேஷன் கார்டு வட்ட வழங்கல் அலுவலர் கையில், பட்டாவும் சாதிச் சான்றும் வருவாய்த் துறையில். இவை எதிலும் ஊராட்சித் தலைவரின் கையெழுத்துக்கு இடமில்லை. வீட்டு வரியை இணையத்திலேயே கட்டி ரசீது எடுத்துக்கொள்ளலாம். ஊராட்சி அளவில் உண்மையாகவே கைவைக்கக்கூடியவை குடிநீர் இணைப்பு, வீடு கட்ட அனுமதி, வீட்டுத் திட்டப் பயனாளிப் பட்டியல், நூறு நாள் வேலை ஆகியவைதான். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர் உங்கள் அம்மாவின் பெயரை விட்டுவிட முடியும். அதற்கு வழி, வேலை கேட்டு எழுத்தில் மனுக் கொடுத்துத் தேதி போட்ட ரசீது வாங்கி வைப்பது. வாய்மொழியாகக் கேட்டவரை மறுத்ததற்குத் தடயமே இருக்காது.

டீக்கடை விஷயத்தில் உங்களுக்கு வெறும் ஆறுதல் சொல்ல மாட்டேன். புறம்போக்கில் இருக்கும் கடை உண்மையான பலவீனம். யாராவது மனுக் கொடுத்தால் நடவடிக்கை தொடங்கும். ஆனால் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி 7ஆம் பிரிவில் முன்னறிவிப்புக் கொடுத்து, விளக்கம் கேட்ட பிறகே 6ஆம் பிரிவில் அகற்ற முடியும். ராத்திரியோடு ராத்திரியாக யாரும் இடித்துவிட முடியாது. அப்படி இருந்தாலும், இந்தக் கடை இருக்கும்வரை உங்கள் வீட்டிலிருந்து முதல் குரல் எழ வேண்டாம் என்பதே என் கருத்து. கேள்வி நின்றுபோகக் கூடாது. ஆனால் அதை நீங்கள்தான் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கேள்வியைத் தாளுக்கு மாற்றுங்கள். தகவல் உரிமைச் சட்டம், 2005இன்படி இந்தியக் குடிமகன் யாரும் எந்த ஊராட்சியைப் பற்றியும் கேட்கலாம். அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டியதில்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை (6(2)). கோவையிலோ சென்னையிலோ இருக்கும் நண்பர் ஒருவர் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி விண்ணப்பிக்கட்டும். மனுதாரரின் பெயர் அலுவலகத்திலிருந்து டெண்டர் எடுத்தவர் காதுக்கு ஒரே நாளில் போய்விடும் ஊர்கள் உண்டு. அந்தப் பெயர் உள்ளூர்ப் பெயராக இல்லாவிட்டால் போய் மிரட்ட ஆளில்லை. முகவரி தவறிப்போய் வேறு அலுவலகத்துக்கு அனுப்பினாலும், 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

மனுக்கள் தோற்பது பெரும்பாலும் கேட்கும் விதத்தால். "ரோடு ஏன் பாதியில் நிற்கிறது?" என்று கேட்டால், விளக்கம் சொல்வது தங்கள் வேலை இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: அந்தப் பணியின் நிர்வாக அனுமதி, மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கங்கள், பில் தொகையும் தேதியும். பக்கத்துக்கு 2 ரூபாய். நேரில் போய்ப் பதிவேட்டைப் பார்வையிடவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. இதில் அளவுப் புத்தகம்தான் உயிர்நாடி. எத்தனை மீட்டர் நீளம், என்ன அகலம், எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று அளந்து பதிவுசெய்த பிறகே பில் பாஸாகும். அந்தப் பக்கத்தின் நகல் கைக்கு வந்துவிட்டால், மிச்சத்தை நீளம் அளக்கும் ஒரு டேப் பேசிவிடும்.

இன்னொன்று. 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். நீங்கள் "முன்னாள் தலைவர்" என்று எழுதுவதைப் பார்த்தால் உங்கள் ஊரும் அதில் ஒன்றாக இருக்கலாம். அப்படியானால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இன்று ஓர் அரசு ஊழியர். ஊர்ப் பகையாகத் தெரிவது அலுவலகக் கடிதமாக மாற இது நல்ல வாய்ப்பு.

அடுத்தது அந்தக் கையெழுத்து. கிராம சபைக்குக் குறைவெண் (கோரம், அதாவது குறைந்தது வந்திருக்க வேண்டியவர்களின் எண்ணிக்கை) உண்டு: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. அந்த எண்ணிக்கைக்காகத்தான் நுழைந்ததும் நோட்டை நீட்டுகிறார்கள். பல ஊர்களில் கையெழுத்து முதலில் வாங்கப்படுகிறது, தீர்மானம் பிறகு அலுவலகத்தில் வைத்து எழுதப்படுகிறது. அப்படி நடந்தால், நீங்கள் எதிர்த்த விஷயம்கூட "ஏகமனதாக" என்று பதிவாகி, அடியில் உங்கள் கையெழுத்தும் இருக்கும். பேசாமல் இருப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது அதைவிட எவ்வளவோ மோசம், அதைச் செய்யாதீர்கள். தீர்மானத்தை எழுதி வாசித்துக் காட்டச் சொல்வதற்கு வீரம் தேவையில்லை. நாலைந்து பேர் சேர்ந்து, "வாசிச்சுடுங்க, கேட்டுட்டுப் போட்டுடறோம்" என்றால் போதும். கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் அலுவலரான பற்றாளரிடம் கேள்வியை எழுத்தில் கொடுத்து, அதைக் கூட்டப்பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். தெருவிலுள்ள பத்துப் பெண்கள் கையெழுத்திட்ட தாளாக அது இருந்தால் யார் கடைக்குப் போய் மிரட்டுவது என்று அவர்களுக்குக் குழப்பம் வரும். ஒரு மாதம் கழித்துத் தீர்மான நகலையும் தகவல் உரிமையில் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

வழக்கு பற்றிய உங்கள் நண்பர்களின் பயத்துக்கு வருகிறேன். இதில் பாதி நியாயம், பாதி வதந்தி. இணையத்தில் எழுதியதற்காகக் கைதுசெய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்துசெய்துவிட்டது. அதைச் சொல்லி யாராவது மிரட்டினால் செத்த பாம்பைக் காட்டுகிறார்கள் என்று பொருள். அவதூறு உயிரோடு இருக்கிறது: பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, இரண்டாண்டு வரை தண்டனை. ஆனால் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றம் இல்லை அது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் போய்ப் புகார் கொடுக்க வேண்டும். பொது நன்மைக்காகச் சொன்ன உண்மைக்கும், அரசுப் பொறுப்பில் இருப்பவர் அந்தப் பொறுப்பில் நடந்துகொண்ட விதம் பற்றி நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்துக்கும் அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. நஷ்டஈட்டு வழக்கைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டிலிருந்து போன ராஜகோபால் வழக்கில், நக்கீரன் வழக்கு என்றால் தெரியும், உச்ச நீதிமன்றம் 1994இல் தெளிவாகச் சொன்னது: அரசோ உள்ளாட்சி அமைப்போ தன்னை அவதூறு செய்ததாக நஷ்டஈடு கேட்க முடியாது. ஊராட்சிக்கு மானநஷ்டம் கிடையாது, தனி மனிதருக்குத்தான் உண்டு.

ஆகவே சொல்லும் விதம் முக்கியம். "தலைவர் ரோட்டுப் பணத்தைத் தின்றுவிட்டார்" என்பது குற்றச்சாட்டு, நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். "பணி ஆணையில் 200 மீட்டர், அளந்தால் 160 மீட்டர், மீதி 40 மீட்டருக்கு அளவுப் புத்தகத்தில் என்ன பதிவாகியிருக்கிறது?" என்பதை யாராலும் அவதூறாக்க முடியாது. ஆவணத்தின் படம், டேப் வைத்து எடுத்த படம், தேதி, ஒரு கேள்வி. ஆளின் படம் வேண்டாம். குடும்பம், சாதி, ஒரு வார்த்தைகூட வேண்டாம். கோபத்தில் எழுதிய ஒரு வசைச்சொல் 40 மீட்டரை மறக்கடித்துவிடும். நடைமுறையில் போலீஸ் வழக்காக வருவது நியாய சன்ஹிதாவின் இந்த வகைப் பிரிவுகளில்தான்: ஆபாசமாகத் திட்டியதாக 296(பி), மிரட்டியதாக 351, அரசு ஊழியரைப் பணிசெய்யவிடாமல் தடுத்ததாக 132 அல்லது 221. கிராம சபையில் மேசையைத் தட்டுவதும், ஊராட்சிச் செயலரின் கையிலிருந்து நோட்டைப் பிடுங்குவதும் அவர்கள் காத்திருக்கும் தருணங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கேளுங்கள். குழு அட்மினுக்கும் சொல்லுங்கள்: அட்மினாக இருப்பதைத் தவிர வேறு பங்கு இல்லாதவர் மீது, மற்றவர் போட்ட பதிவுக்காகப் பழி போட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது.

"ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க" என்ற ஃபோன் வந்தால், எந்த மனு, எந்தப் பிரிவு என்று கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது அவசியமில்லை என்றால் குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவில் நோட்டீஸ் கொடுத்தே விசாரிக்க வேண்டும். சாட்சியாக விசாரிப்பதானால் பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் வீட்டில் வைத்தே விசாரிக்க வேண்டும். பேச்சு தொடர்பான, மூன்று முதல் ஏழாண்டுக்குட்பட்ட தண்டனையுள்ள குற்றங்களில் முதலில் பூர்வாங்க விசாரணை செய்வதே முறை என்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. தனியாகப் போகாதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் அஞ்சுவது சமாதானக் கூட்டத்துக்குத்தான். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் எழுத்தாளர் பெருமாள்முருகன் 'மாதொருபாகன்' நாவலுக்காக உட்கார வைக்கப்பட்டு, நிபந்தனையற்ற மன்னிப்பு கேட்டுக் கையெழுத்திட்ட கூட்டத்துக்குப் பெயர் அமைதிப் பேச்சுவார்த்தை. அதன்பின் அவர் எழுத்தையே கைவிடுவதாக அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. ஆனால் ஒன்றரை ஆண்டு போய்விட்டது. நாடறிந்த ஓர் எழுத்தாளருக்கே இப்படி என்றால் ஓர் ஊர்ப் பையனை அரைமணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். அமைதியைக் காக்க உங்களிடம் உத்தரவாதம் வாங்குவதானால் சட்டத்தில் வழி இருக்கிறது: அதே நடைமுறைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு நடவடிக்கை, 130ஆம் பிரிவின்படி என்ன தகவல், எவ்வளவு தொகைக்குப் பிணை, எத்தனை காலம் என்று எழுத்தில் உத்தரவு. அது இல்லாமல் கூப்பிட்டால் போவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். போனால் இரண்டு பேரையாவது, முடிந்தால் ஒரு வழக்கறிஞரையும் அழைத்துப் போங்கள். அன்றைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "படித்துப் பார்த்துப் பதில் தருகிறேன், நகல் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதையெல்லாம் எல்லோரும் ஒரே விலைக்குச் செய்ய முடியாது. மதுரை மாவட்டம் மேலவளவில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரான முருகேசனையும் உடன் இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தலைவர் பதவி 1996 முதல் 2006 வரை இயங்க விடப்படவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த தலைவரையே தரையில் உட்கார வைத்தார்கள். உங்கள் தெரு எந்தத் தெரு என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பட்டியல் சாதித் தலைவரையோ உறுப்பினரையோ கடமையைச் செய்யவிடாமல் மிரட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவில் குற்றம், ஊர்விலக்கும் அதே சட்டத்தில் குற்றம். சட்டம் இருக்கிறது என்பதற்காக, வெளியாள் துணை இல்லாமல் அந்தத் தெருவிலிருந்து தனி ஒருவர் எழுந்து கேட்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வட்டார அளவில் ஒரு விவசாய சங்கமோ மாதர் அமைப்போ வழக்கறிஞரோ முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். தகவல் உரிமை மனுவும் முதல் மேல்முறையீடும் சேர்ந்து மூன்று மாதம் பிடிக்கும் என்று கணக்கு வைத்து, எந்தக் கூட்டத்துக்கு ஆவணம் வேண்டுமோ அதற்குப் பின்னோக்கி எண்ணி மனுவை அனுப்புங்கள். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. நகல் வந்ததும் முதலில் அளவுப் புத்தகப் பக்கத்தைப் படமெடுத்து, ஊரில் இல்லாத இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள்.

அன்புடன்.